பென்னியின் இடது காது

– பையைத் தூக்கிட்டு எங்க கிளம்பிட்ட? நாளைக்குக் காலையில ஆபரேஷன், இன்னிக்குச் சாயங்காலம் பஸ் ஸ்டாப்பு. பிரமாதம் அண்ணா.

– ஜான்சியா? நீ எப்டி இங்க வந்த? நான் சும்மா காத்து வாங்க வந்தேன்.

– ராஜகீழ்ப்பாக்கம் ஜங்ஷன்ல காத்தா? இங்க புகையக்கூட க்யூல நின்னுதான் வாங்கணும். தோள்ல பை, கால்ல ஷூ, கையில வார்டு பட்டை. ஓடிப் போறவன் அந்தப் பட்டையையாச்சும் கழட்டிட்டு ஓட மாட்டான்? உன் பேரு, வயசு, பெட் நம்பரு எல்லாம் அதுல இருக்கு. வழி தவறுன பார்சல்னு எவனாச்சும் திருப்பிக் கொண்டாந்து போட்டுருப்பான்.

– கத்திரி கெடைக்கல. பல்லால கடிச்சுப் பாத்தேன், வர்ல.

– கடிச்சியா? முப்பத்தெட்டு வயசு. ரெண்டு புள்ளைக்கு அப்பன்.

– கத்தாத. ஜனங்க பாக்குது. தோ, இந்தாண்ட வந்து குந்து. அந்தாண்ட வெயிலு.

– வெயில் எங்க இருக்கு? எப்பப் பாரு இந்தப் பக்கம் வா, அந்தப் பக்கம் வான்னு பிடிச்சு மாத்திக்கிட்டே இருக்க. சரி, உக்காந்துட்டேன். இப்பச் சொல்லு. எதுக்கு ஓடின?

– ஓடல. வேன் அனாமத்தா நிக்குது. திங்கக்கெழம ஸ்கூலு. பேட்டரி எறங்கிடும்.

– பேட்டரி. உன் மண்டைக்குள்ள எலும்பை ஒண்ணு தின்னுக்கிட்டு இருக்கு, உனக்கு பேட்டரி கவலை.

– இன்னா எலும்பு, இன்னா தின்னுது? நானும் ஒரு வாரமா கேட்டுகினு கீறேன். ஆளுக்கு ஒண்ணு சொல்றீங்க. காதுல கொலஸ்ட்ராலுன்னாங்க. நானும் முட்ட துன்றத நிறுத்திட்டேன். வூட்ல கெசியாவையும் அவிக்க வேணாம்னுட்டேன்.

– ஐயோ, ஏசப்பா. கொலஸ்ட்ரால் இல்ல. கொலஸ்டியடோமா. முட்டைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.

– சம்பந்தம் இல்லாத பேர எதுக்கு வெக்கிறீங்க? படிச்சவங்க உங்களுக்குப் பேரு வெக்கக்கூட தெர்ல.

– கேளு. உன் காது சவ்வு சின்ன வயசுல உள்பக்கமா இழுத்துப் பை மாதிரி ஆயிடுச்சு. சவ்வோட வெளிப்பக்கம் இருக்கிறது தோலு. அந்தத் தோல் இருக்க வேண்டிய இடம் வெளிய. அது உள்ள போய் உக்காந்துக்கிச்சு.

– ஏரிக்கரையில பிளாட்டு போட்டா மாரி.

– அதேதான். உள்ள போனது சும்மா இருக்குமா? நம்ம தோல்ல ஒவ்வொரு செல்லும் பக்கத்து செல்லுக்கு ஏதாவது செய்தி அனுப்பிக்கிட்டே இருக்கும். வளரு, நிறுத்து, உதிர்ந்துடு, இப்படி. நல்ல தோல்ல அந்தச் செய்தி அளவா இருக்கும். உன் காதுக்குள்ள இருக்கறதுல ‘நிறுத்து’ங்கறது அமுங்கிப் போச்சு. ‘வளரு, வளரு’ன்னு மட்டும் ராத்திரி பகலா கத்துது. சீழு வந்துச்சுன்னா இன்னும் ஜாஸ்தியா கத்தும். அந்தச் சத்தத்துல எலும்பைத் தின்னுற செல்லு முழிச்சிக்கும். நம்ம உடம்புலயே இருக்கிற செல்லுதான், உடைஞ்ச எலும்பைச் செப்பனிட வெச்சிருக்கிறது. தப்பான ஆர்டர் போனதும் நல்ல எலும்பையே திங்க ஆரம்பிச்சிடும்.

– இத்தத்தான் ஆறு வருஷமா படிச்சியா?

– இதைத்தான். எந்தச் செய்தி எவ்வளவு கூடுது, எது குறையுதுன்னு.

– சரி. கண்டுபுடிச்சிட்டல்ல? அதுக்கு ஒரு மாத்திர குடு. துன்னுட்டு வூட்டுக்குப் போறேன்.

– மாத்திரை இல்ல.

– டானிக்கு?

– இல்லண்ணா.

– ஊசி?

– இதுக்கு மருந்தே இன்னும் கிடையாது. கத்திதான்.

– அட்ரா சக்க! ஆறு வருஷம் படிச்சு, ஏசி ரூம்ல குந்திகினு, செல்லு இன்னா பேசுது, செல்லு யாராண்ட பேசுதுன்னு ஒட்டுக் கேட்டுகினு இருந்துட்டு, கடைசியில கத்தியத் தூக்கிகினு வர்றீங்க. இத்த நம்ம கறிக்கட பாய் அன்னிக்கே சொல்லிருப்பாரே.

– கறிக்கடை பாய்கிட்டயே படுத்துக்கோ போ. நீ காதுக்குப் பண்ண வைத்தியத்தைச் சொல்லட்டா? பூண்டு எண்ணெய். கோழி றெக்கை. தாம்பரம் ஸ்டேஷன் வாசல்ல சிவப்புத் தொப்பி போட்டுக்கிட்டுக் காது குடையறவன். அதுக்கப்புறம் அம்மா.

– அம்மாவ இழுக்காத.

– வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துல பாஸ்டர் நெத்தியில தடவச் சொல்லி எண்ணெய் குடுத்தாரு. நம்ம அம்மா என்ன பண்ணாங்க? காய வெச்சு உன் காதுல ஊத்துனாங்க. பாஸ்டருக்குத் தெரிஞ்சப்ப அவரே தலையில கை வெச்சுக்கிட்டாரு.

– ஒரு வாரம் சீழு நின்னுச்சே.

– நிக்கல. வெந்துடுச்சு.

– சரி விடு. எங்களுக்குத் தெரிஞ்சத நாங்க பண்ணோம். தெரிஞ்ச நீ இன்னா பண்ண? நம்ம வூட்ல ஒரே மேசதான். நான் வந்து குந்துனா நீ தட்டத் தூக்கிகினு டிவி முன்னாடி போயிடுவ. நாத்தம். ஊரான் காதையெல்லாம் ஐஸ் பொட்டியில வெச்சுப் பாத்துகினு இருந்தவ, அண்ணன் காத ஒரு தபா எட்டிப் பாத்தியா?

– சொன்னேன்ல. அப்பவே டாக்டர்கிட்ட வான்னு சொன்னேன்.

– டிவியப் பாத்துகினே சொன்ன.

– அண்ணா, பழசைப் பேசறதுக்கு இது நேரம் இல்ல. ஸ்கேன்ல பாத்தோம்ல? மூளைக்கும் காதுக்கும் நடுவுல இருக்கிற எலும்பு அப்பளம் மாதிரி ஆயிடுச்சு. முகத்துக்குப் போற நரம்பு மேல மூடியே இல்ல. போன வாரம் டீ குடிக்கிறப்ப ஒரு பக்கமா ஒழுகுச்சே, ஞாபகம் இருக்கா? கெசியா சிரிச்சா. எனக்கு சிரிப்பு வரல. இப்படியே விட்டா வாய் கோணும். அதுக்கப்புறம் சீழு மூளைக்குப் போகும். உன் புள்ளைங்க உன்னை போட்டோவுலதான் பாக்கணும். இந்த மரமண்டைக்கு இதாச்சும் ஏறுதா?

– ஏறுது.

– அப்புறம் ஏன் ஓடுற?

– முடிய செரைச்சிடுவாங்களாம். பக்கத்து வூட்டு சுபத்ரா பொண்ணு கல்யாணம் வருது.

– காதுக்குப் பின்னாடி நாலு விரல் அளவு. தொப்பி போட்டுக்கோ. அடுத்தது?

– மயக்க ஊசி ஒத்துக்காது.

– பைல்ஸுக்குப் போட்டப்ப ஒத்துக்கிச்சு. சிஸ்டர்கிட்ட பாட்டுகூடப் பாடுன. அடுத்தது?

– அடுத்ததா? சொல்லட்டா? உனக்கு என் காது வேணும். அதான் இவ்ளோ அவசரம். காது டெஸ்ட்டு எடுத்துச்சே, அந்த ரேஷ்மாவாண்ட நீ சொன்னது எனக்குத் தெரியும். எங்கண்ணன் சாம்பிளும் வந்துச்சுன்னா என் வேல முடிஞ்சிதுன்னு.

– ஆமா, சொன்னேன்.

– சொன்னல்ல!

– குப்பையில போடப் போறதைத்தான் கேட்டேன். வெட்டி எடுத்ததும் ஆயாம்மா வழக்கம்போல ஃபார்மலின் பாட்டில்ல போட்டுட்டா உள்ள இருக்கிற செய்தியெல்லாம் அழிஞ்சிடும். அதனால நானே டியூபோட தியேட்டர் வாசல்ல நிக்கிறேன்னு சொன்னேன். அதுல என்ன தப்பு?

– தங்கச்சி தியேட்டர் வாசல்ல நிக்கிறா. எதுக்கு? அண்ணன் பொழைச்சானான்னு பாக்கவா? டியூபு! மெய்யாலுமே நல்லா இருக்குடி இது. நாளைக்கு ஃபாரின்ல போயி எங்கண்ணன் காதுதான் இதுன்னு கலர் கலரா படம் காட்டுவ. எல்லாரும் கை தட்டுவாங்க.

– தட்டட்டும். உனக்கு வலிக்குதா? அதுக்காக நாளைக்கு நான் டியூபை எடுத்துட்டு வரல. போதுமா? குப்பையிலயே போடட்டும். ஆபரேஷனுக்கு வருவியா இப்ப?

– அது எந்த பஸ்ஸுன்னு பாரேன்.

– பாத்தியா? அதுவும் சாக்குதான். உண்மையான காரணத்தை வாயைத் திறந்து சொல்லித் தொலை.

– கேக்காம பூடும்னாங்க.

– யாரு?

– ஆபரேஷன் பண்ணப் போற தமிழினி மேடம். இந்தக் காது அதுக்கப்புறம் கேக்காதுன்னாங்க.

– ஆமா, கேக்காது. உள்ள இருக்கிற குட்டி எலும்பு மூணுல ரெண்டு ஏற்கனவே போச்சு.

– அப்ப இப்போ மட்டும் எப்டி கேக்குது?

– அந்தக் கட்டியே எலும்பு இருந்த இடத்தை அடைச்சுக்கிட்டு சத்தத்தை உள்ள கடத்துது. திருடனே வாட்ச்மேன் வேலையும் பாக்கிறான், அவ்வளவுதான். அவனை வெளிய துரத்துனா சத்தமும் போயிடும். அதனால மேடம் எதையும் விட்டு வெக்காம மொத்தமா வழிச்சு எடுக்கப் போறாங்க. ஒரு துணுக்கு தோல் மிச்சம் இருந்தாலும் மறுபடி வளரு வளருன்னு ஆரம்பிச்சிடும்.

– மொத்தமாவா?

– மொத்தமா. அவங்க அப்படித் துணியறதுக்குக் காரணமே உன் வலது காது நல்லா இருக்குன்னுதான். அதுவும் சரியில்லாதவங்களுக்குன்னா வேற மாதிரி பண்ணுவாங்க.

– வேற மாரின்னா எப்டி?

– உனக்கு எதுக்கு அது?

– சும்மா சொல்லேன். தெரிஞ்சிக்கலாம்னுதான்.

– கேக்குற பாகத்துல கை வெக்காம பாத்துப் பாத்து எடுப்பாங்க. கொஞ்ச மாசம் கழிச்சு மறுபடி திறந்து பாப்பாங்க. ரெண்டு மூணு தடவை கூட ஆகும். செயற்கை எலும்பு வெச்சுப் பாப்பாங்க. ரொம்பப் பொறுமையான வேலை. ஒத்தக் காதை மட்டும் நம்பி இருக்கிறவனுக்குத்தான் அதெல்லாம். உனக்கில்ல.

– அப்டி ஒருத்தன் இருந்தா, அவன் அத்த யாராண்ட சொல்லணும்?

– எவன்?

– ஒரு பேச்சுக்குத்தான்.

– பேச்சுக்கும் நேரமில்ல, இங்கயே இருட்டிடும் போல. உன் டெஸ்ட்டு ரிப்போர்ட்டை நானே பாத்தேன். வலது காது ராஜா காது. கொசு பறந்தா கேக்கும். இதுக்குமேல என்ன வேணும்?

– டெஸ்ட்டு...

– டெஸ்ட்டுக்கு என்ன? உன்னை வரிசையில ஒரு நிமிஷமாச்சும் நிக்க விட்டேனா? வெளியில எத்தனை பேர் டோக்கனைப் பிடிச்சுக்கிட்டு முறைச்சாங்க தெரியுமா? அந்தக் கண்ணாடி ரூம்ல ஏசி ரிப்பேருன்னதும், எங்கண்ணன் வேர்த்துப் போவான்னு ரேஷ்மாகிட்ட சொல்லி மெஷினை எங்க லேபுக்கே கொண்டு வர வெச்சேன். எதிர்ல உக்கார வெச்சு, அஞ்சே நிமிஷம். நம்ம ஆளுன்னு ஒரு சலுகை வேண்டாமா?

– நல்ல பொண்ணு. பட்டன அழுத்துறப்பல்லாம் ஒரு தோளு மட்டும் லேசா எகிறும். அதுக்கே தெரியாது போல.

– சீ! ஹெட்போனை மாட்டிக்கிட்டு சத்தம் கேட்டா கையைத் தூக்குன்னா, நீ அவ தோளைப் பாத்துட்டு உக்காந்திருந்தியா? கெசியாகிட்ட சொல்லவா?

– அய்ய, அதுக்கு இல்லடி.

– வேற எதுக்கு? அலையறான் பாரு. காதுல சீழு, கண்ணுல பொண்ணு.

– நீ ஒருத்தனப் பேச வுட மாட்ட. ஒரு வார்த்த சொன்னா ஒம்போது வார்த்த. நம்ம குப்பன் அண்ணன ஞாபகம் கீதா?

– எந்தக் குப்பன்?

– மூணாம் நம்பர் வேன் ஓட்டுனாரே. ஒரு புள்ளயோட அம்மா கூப்டப்ப அவரு திரும்பல. அவ்ளோதான். காது கேக்காத டிரைவர நம்பி புள்ளைங்கள எப்டி அனுப்பறதுன்னு வாட்ஸப்புல போட்டாங்க. மறுநாளே சாவிய வாங்கிட்டாங்க. அவருக்கு நல்லாவே கேக்கும். அன்னிக்குப் பாட்டு கொஞ்சம் சத்தமா வெச்சிருந்தாரு. இப்ப கோவளத்துல மீன் பொட்டி தூக்குறாரு.

– அதுக்கு? உனக்கு வலது காது இருக்கே. யாரு உன்னைத் தூக்கப் போறாங்க?

– வேலையப் பத்தி உனக்குத் தெரியாது ஜான்சி. ஹாரன் எங்கேர்ந்து வருதுன்னு தெரியணும். புள்ளைங்க பின்னாடி கத்துறது தெரியணும். எனக்குத் தெரியுது. கண்ணாடியில பாத்துகினே ஓட்டுவேன். எல்லாப் புள்ளையோட வாயும் எனக்குத் தெரியும். பன்னண்டு வருஷத்துல ஒரு கீறல் இல்ல.

– அதைத்தானே நானும் சொல்றேன்? ஆபரேஷன் முடிஞ்சும் அப்படியே ஓட்டலாம். நீ பயந்தாங்கொள்ளி, அவ்வளவுதான். சின்ன வயசுல பல்லு புடுங்க கூட்டிட்டுப் போனப்பவும் இப்படித்தான் கக்கூஸுல போய் ஒளிஞ்ச. எனக்கு அவமானமா இருக்கு. மேடம்கிட்ட எவ்வளவு கெஞ்சி நாளைக்கு லிஸ்ட்டுல முதல் பேரா போட வெச்சேன் தெரியுமா? பேஷன்ட்டு பஸ் ஸ்டாப்புல இருக்காருன்னு நான் போய்ச் சொல்லணுமா?

– சொல்லு. உன் மானந்தான் உனக்குப் பெருசு.

– ஆமா, பெருசுதான். இதுவரைக்கும் உன்னால ஒரு நாளாச்சும் பெருமைப்பட்டிருக்கேனா? சரி சரி. மூஞ்சியத் தூக்காத. வாய் தவறி வந்துடுச்சு. தலையைச் சாய்.

– எதுக்கு?

– சொட்டு மருந்து. மெட்டில்டா சிஸ்டர் தேடிட்டு இருக்காங்க, ஊத்துற நேரம் தாண்டிடுச்சு. பாட்டிலை நான் வாங்கிட்டு வந்துட்டேன்.

– இங்கயா? ரோட்லயா? வேணாம் ஜான்சி.

– நீ ரோட்டுக்கு வந்தா மருந்தும் ரோட்டுக்குத்தான் வரும். நான் உன் வலது பக்கம் வந்து உக்கார்றேன், தலையை என் தோள்ல சாய். இடது காது மேல வரட்டும். ம். அசையாத.

– சில்லுன்னு கீது. நாத்தமா கீதா?

– இல்ல.

– பொய் சொல்ற.

– ஆமா, பொய்தான். நாறுது. பரவாயில்ல. இப்ப பஞ்சு வெச்சு அழுத்திப் பிடிச்சுக்கணும், இல்லன்னா எல்லாம் வெளிய வந்துடும்.

– பஞ்சு வேணாம். ஜான்சி, சொல்றேன்ல, அத்த மட்டும் அடைக்காத. கொஞ்ச நேரம் இப்டியே படுத்துகினு கீறேன்.

– சின்னப் புள்ளையா நீ? கையைத் தட்டாத. அவ்வளவுதான், அடைச்சாச்சு. உள்ளங்கையால அழுத்திக்கிட்டே இருக்கேன், எண்ணிக்கோ.

– பாக்கெட்டுல ஆடுது. போனு. கைய எடு.

– கெசியாதான் கூப்பிடறா. அப்படியே நிமிர்ந்து உக்காரு, கையை எடுக்க மாட்டேன். இந்தப் பக்கம் வலது காதுல நானே வெக்கிறேன், பேசு.

– இன்னா?

– பேசுன்னேன். எங்க இருக்கேன்னு கேக்கறா பாரு. ஓடி வந்த கதையை நீயே உன் வாயால சொல்லு.

– எடுத்துட்டியா? ஹலோ, கெசியா? ஹலோ?

– பேசிக்கிட்டுதான் இருக்கா. பதில் சொல்லேன்.

– லைன் வுட்டுப்போச்சு போல. வெச்சிடு. அப்பால பேசிக்கிறேன்.

– எங்க விட்டுச்சு? எனக்கே இங்க வரைக்கும் கேக்குது. வால்யூமை முழுசா வெச்சிருக்க. ‘ஏங்க, ஏங்க’ன்னு அழறா.

– இங்க டவர் கெடைக்காது. வெச்சிடு ஜான்சி.

– அண்ணா?

– மெய்யாலுமேதான் சொல்றேன், ஆபரேஷனுக்கு வர்றேன். நீ மொறைக்காத. போன பாக்கெட்டுல போடு.

– அண்ணா, நான் பேசறது உனக்குக் கேக்குதா?

– இன்னாத்துக்கு இப்டி பாக்குற? மருந்து வழியுதா?

– நாளைக்கு மேடம் வழிச்சு எடுக்கப் போறது... பென்னி அண்ணா, உனக்குக் கேக்குறதே இந்த ஒரு காதுலதானா?

– கைய எடு ஜான்சி. உன் வாய் அசையறது மட்டுந்தான் தெரியுது.